விடுதியில் முதல் நாற்பது நாள்



சில ஆண்டுகளுக்கு முன் நம் அறக்கட்டளையின் கல்வி உதவியில் ஒரு மாணவர் வெளியூர்ப் பொறியியல் கல்லூரி ஒன்றில் சேர்ந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். கவுன்சலிங்கில் விரும்பிய பிரிவே கிடைத்தது. வாப்பா சவூதியில். வீட்டில் உம்மாவும் இரண்டு தங்கச்சிமாரும். கல்லூரிக் கட்டணத்துக்கும் விடுதிக் கட்டணத்துக்கும் காசோலை கொடுத்தோம், துஆ செய்து அனுப்பினோம். முப்பத்தெட்டாம் நாள் பெட்டியோடு ஊர் திரும்பிவிட்டார்.

யாரும் அவரைத் துன்புறுத்தவில்லை. பாடமும் கடினமாக இல்லை. தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. நாளுக்கு நான்கு முறை உம்மாவின் போன். ஒரு நாள் இரவு போனில் அழுதிருக்கிறார். "முடியலைன்னா வந்துரு வாப்பா" என்று உம்மாவும் அழுதிருக்கிறார். மறுநாளே பஸ் ஏறிவிட்டார். சேர்க்கைக் காலம் முடிந்திருந்ததால் அந்த ஆண்டு போயிற்று, கட்டிய பணமும் போயிற்று. ஒரு வருடம் செல்போன் கடையில் நின்றார். பிறகு பக்கத்து ஊர்க் கலைக் கல்லூரியில் படித்து இன்று பட்டதாரி, அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் ஆசைப்பட்ட படிப்பு கைவிட்டுப் போனது போனதுதான்.

வெகுநாள் கழித்து அவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "நான் வரணும்னு சொல்லலை மாமா. அழுதேன், அவ்வளவுதான்" என்றார்.

அந்தப் பதில் இன்றும் என்னை உறுத்துகிறது. பிள்ளையையும் குறை சொல்ல முடியாது, உம்மாவையும் குறை சொல்ல முடியாது. விடுதி வாழ்க்கை எப்படி இருக்கும் என்று இருவருக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டிய நாங்கள் காசோலையோடு வேலை முடிந்தது என்றிருந்துவிட்டோம். இந்தப் பாடம் அந்தக் குறைக்காக எழுதப்படுகிறது.

1. அழுகை வரும், கடந்தும் போகும்

பதினான்கு வயதில் என்னை மதரஸாவில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் இரவு ஹவுளின் படியில் உட்கார்ந்து அழுதேன். உஸ்தாத் ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஏன் என்று கேட்கவில்லை, புத்தியும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "டீ குடிக்கலாமா?" என்றார். பின்னாளில் கல்லூரி விடுதிக்குப் போனபோதும் அதே அழுகை வந்தது. ஆனால் இது சில வாரங்களில் போய்விடும் என்று அப்போது எனக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒன்று தெரிந்திருந்ததே பெரிய உதவி.

பொதுவாக முதல் வாரம் புதுமையில் ஓடிவிடும். இரண்டாம், மூன்றாம் வாரங்கள்தான் கடினம். வகுப்பு முடிந்து அறைக்குத் திரும்பும் மாலை நேரமும், ஞாயிற்றுக்கிழமையும் கனமாக இருக்கும். முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வை எழுதி முடிப்பதற்குள் இரண்டு மூன்று நண்பர்கள் கிடைத்துவிடுவார்கள், பெரும்பாலானவர்களுக்கு மனமும் நிலைக்கு வந்துவிடும். ஆகவே பிள்ளைகளே, அழுகை வந்தால் வெட்கப்படாதீர்கள். அடுத்த அறையில் இருப்பவரும் போர்வைக்குள் அழுதுகொண்டிருக்கலாம்.

2. அறைத்தோழர்

ஓர் அறையில் மூன்று பேர், நான்கு பேர் இருப்பது வழக்கம். ஒருவர் இரவு இரண்டு மணி வரை விளக்கைப் போட்டிருப்பார். ஒருவர் போனைச் சத்தமாக வைத்துப் பேசுவார். ஒருவர் உங்கள் வாளியைக் கேட்காமல் எடுப்பார். வேறு மதத்தவர், வேறு மொழியினர், வேறு பழக்கம் உள்ளவர் இருப்பார்கள். முதல் வாரத்திலேயே நால்வரும் உட்கார்ந்து விளக்கு அணைக்கும் நேரம், அறையைக் கூட்டும் முறை, சாவி யாரிடம் இருக்கும் என்பதையெல்லாம் பேசிவிடுங்கள். மனத்தில் வைத்துப் புழுங்கினால் மூன்றாம் மாதம் சண்டையில் முடியும்.

ஊரிலிருந்து தொதல் கொண்டுபோனால் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் அறையில் எல்லோருக்கும் கொடுங்கள். காய்ச்சல் வந்த இரவில் மெஸ்ஸிலிருந்து கஞ்சி வாங்கி வருபவர் அந்த அறைத்தோழர்தான்.

3. மெஸ் சாப்பாடு

வீட்டுச் சாப்பாடு அங்கே இருக்காது. இட்லி, பொங்கல், சாம்பார், ரசம், சப்பாத்தி என்று வாரப் பட்டியல் சுற்றிச் சுற்றி வரும். கறி ஹலாலா என்பதை மெஸ் பொறுப்பாளரிடம் பணிவோடு கேளுங்கள். தெளிவான பதில் இல்லையென்றால் சைவச் சாப்பாடு, முட்டை என்று இருந்துகொள்ளலாம். அதற்காக ஒரு வேளையை விட்டுவிட்டு பிஸ்கட்டில் நாளை ஓட்டாதீர்கள். காலை உணவை விட்டால் உடம்பு கெடக்கூடும்.

அரசு, பல்கலைக்கழக விடுதிகள் பலவற்றில் 'டிவைடிங்' முறை உண்டு. மாத மெஸ் செலவு முழுவதையும் மாணவர்கள் சாப்பிட்ட நாள் கணக்கில் பங்கிடுவார்கள். அதனால் பில் மாதத்துக்கு மாதம் மாறும். ஊருக்கு வரும்போது முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் விதிப்படி அந்த நாட்களைக் கழிப்பார்கள். சொல்லாமல் வந்தால் சாப்பிடாத சாப்பாட்டுக்கும் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

4. தொழுகையும் நோன்பும்

வீட்டில் ஃபஜ்ருக்கு எழுப்ப உம்மா இருந்தார். அங்கே அலாரம்தான் எழுப்ப வேண்டும். அறையில் தொழ ஒரு மூலையை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "கொஞ்ச நேரம் தொழுதுக்கிறேன்" என்று இயல்பாகச் சொன்னால் யாரும் தடுப்பதில்லை. ஒளிந்து செய்யத் தொடங்கினால் சில நாளில் அது நின்றுபோகும். ஜும்ஆவுக்குப் பக்கத்துப் பள்ளிவாசல் எது, போய்வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதைச் சேரும் நாளிலேயே விசாரித்துவிடுங்கள். பிற்பகல் வகுப்புக்குத் தாமதமாகும் என்றால் ஆசிரியரிடம் முன்னதாகவே சொல்லுங்கள்.

இப்போதைய ஆண்டுகளில் ரமலான் இரண்டாம் செமஸ்டரில் வருகிறது. ஸஹர் நேரத்தில் மெஸ் திறந்திருக்காது. நோன்பு வைப்பவர்கள் பெயர்ப் பட்டியலோடு பத்து நாள் முன்பே வார்டனிடம் எழுதிக் கொடுத்தால், இரவே சாப்பாட்டை எடுத்து வைக்கச் சம்மதிக்கும் விடுதிகள் உண்டு. இல்லையென்றால் பேரீச்சம்பழம், வாழைப்பழம், ரொட்டி, அவித்த முட்டை போதும். அறையில் கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு வைப்பதைப் பல விடுதிகள் தடை செய்திருக்கின்றன. ஸஹருக்காகவும் அந்த விதியை மீற வேண்டாம்.

5. நேரமும் பணமும்

கல்லூரிகளில் பொதுவாக 75 சதவீத வருகை இல்லாமல் தேர்வு எழுத விடமாட்டார்கள். வெள்ளி மாலை கிளம்பித் திங்கள் மதியம் திரும்பும் பிள்ளைக்கு வாரம் ஒரு நாள் குறையும். கல்யாணம், கத்னா, வீடு குடிபுகுதல் என்று ஒவ்வொன்றுக்கும் பிள்ளையை அழைக்காதீர்கள்.

மாதச் செலவுக்கு ஒரு தொகையைப் பேசி, மாத முதலில் ஒரே தடவையாக அனுப்புங்கள். கேட்கும்போதெல்லாம் ஜிபேயில் அனுப்பினால் கணக்குப் பார்க்கும் பழக்கம் வராது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு, நிமிடத்தில் கடன் தரும் செயலி இரண்டையும் பெயர் சொல்லியே எச்சரித்து அனுப்புங்கள். பணத்தில் தவறு செய்துவிட்டால் வீட்டில் சொல்லலாம் என்ற தைரியத்தையும் சேர்த்துக் கொடுங்கள். சொல்லப் பயந்த பிள்ளைதான் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குகிறது.

6. ராகிங்

1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டதை நம் வயதினர் மறக்க முடியாது. அதன் பிறகு 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் கொண்டுவந்த விதிகளின்படி மாணவரும் பெற்றோரும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி கொடுக்க வேண்டும், முதலாண்டு மாணவரை இயன்றவரை தனிக் கட்டடத்தில் தங்க வைக்க வேண்டும். 2016இல் செய்த திருத்தத்தின்படி மதம், சாதி, நிறம், பிறந்த ஊர் போன்றவற்றைச் சொல்லி உடலையோ மனத்தையோ நோகடிப்பதும் ராகிங்தான்.

சீனியர் பெயரும் ஊரும் கேட்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் கட்டாயப்படுத்துதல், அவமானப்படுத்துதல், பணம் பிடுங்குதல், அடித்தல், இரவில் அறைக்கு வரச் சொல்லுதல் ஆகியவற்றைப் பொறுத்துப் போகக் கூடாது. வார்டனிடமோ கல்லூரியின் ராகிங் தடுப்புக் குழுவிடமோ சொல்லுங்கள். 1800-180-5522 என்ற இலவச எண் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. இதைப் பிள்ளையின் போனிலும் உங்கள் போனிலும் இன்றே பதிந்து வையுங்கள்.

7. எது ஏக்கம், எது ஆபத்து

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள் என்று பிள்ளையிடம் சொல்வதும் தவறு. நம் ஊர்ப் பிள்ளை ஒருத்தி போனில் எப்போதும் "நல்லா இருக்கேன் வாப்பா" என்றே சொல்லிவந்தாள். ஒரு மாதம் கழித்து வாப்பா நேரில் போய்ப் பார்த்தபோது பாதியாக இளைத்திருந்தாள். காய்ச்சலோடு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். திரும்ப அழைத்துவிடுவார்களோ, தன்னைச் சாக்காக வைத்துத் தங்கச்சியைப் படிக்க அனுப்பாமல் விட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. வாப்பா அவளை மருத்துவரிடம் காட்டி, உடம்பு தேறும் வரை பக்கத்தில் அறை எடுத்துத் தங்கி, மறுபடி விடுதியில் விட்டு வந்தார். இன்று அவள் இறுதியாண்டு படிக்கிறாள்.

ஆகவே "எப்படி இருக்கே?" என்று மட்டும் கேட்காதீர்கள். காலையில் என்ன சாப்பிட்டாய், நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாய், யாரோடு வகுப்புக்குப் போனாய் என்று கேளுங்கள். யாரோடாவது போகிறது, சாப்பிடுகிறது, வகுப்பை விடவில்லை என்றால், அழுதாலும் கவலை வேண்டாம். பல நாள் சாப்பாடும் தூக்கமும் இல்லை, வகுப்புக்குப் போவதில்லை, யாரோடும் பேசுவதில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு வருகிறது என்றால் அன்றே கிளம்பிப் போங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற அரசின் டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். உயிரைவிடப் பெரிய படிப்பு எதுவும் இல்லை.

8. போகும் முன் வீட்டில்

துணி துவைக்க, ஏடிஎம்மில் பணம் எடுக்க, ரயில் டிக்கெட் போட, காய்ச்சல் மாத்திரை எது என்று பார்க்க ஆணும் பெண்ணும் கற்றுப் போகட்டும். "எங்க வீட்டு ஆம்பளப் புள்ளைக்கு வாளி தூக்கத் தெரியாது" என்பது பெருமை இல்லை. போனுக்கு ஒரு நேரம் வையுங்கள். நாளுக்கு ஒரு முறை, இஷாவுக்குப் பிறகு என்று வைத்தால் போதும். பிள்ளை அழுதால் கேளுங்கள். "வந்துரு" என்று அந்த இரவே சொல்லாதீர்கள். "வெள்ளிக்கிழமை நான் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி போங்கள்.

இனி நம் அறக்கட்டளை காசோலை தரும் முன் பெற்றோரையும் பிள்ளையையும் ஒன்றாக உட்கார வைத்து இவற்றைப் பேசும். அதே ஊரில் ஏற்கெனவே படிக்கும் நம் பிள்ளைகளில் ஒருவரின் எண்ணையும் கையில் கொடுக்கும். முதல் நாற்பது நாளில் இரண்டு முறையாவது நானோ நிர்வாகிகளில் ஒருவரோ பிள்ளையோடு போனில் பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.

வீட்டில் கலந்து பேச:

விடுதியில் உனக்கு எதை நினைத்தால் பயமாக இருக்கிறது?

நீ அழுதால் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறாய்?

எங்களிடம் சொல்ல முடியாத ஒன்று வந்தால், வேறு யாரிடம் சொல்வாய்?

மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயர் கிடைக்கும் வரை பெட்டியைக் கட்டாதீர்கள். நம் பிள்ளைகள் நல்லபடி போய், படித்து முடித்து, நல்லபடி திரும்ப அல்லாஹ் அருள் செய்வானாக. ஆமீன்.