ஈப்போவில் ஆடிய சிக்கிம் வீரர்

ஈப்போ நகரின் பேராக் விளையாட்டரங்கை நீங்கள் அறிவீர்கள். தோட்டத்திலிருந்து லாரியில் ஏறி வந்து, நின்றவாறே ஆட்டத்தைக் கண்டு திரும்பிய கதையை உங்கள் தாத்தாமார் கூறக் கேட்டிருப்பீர்கள். 2003ஆம் ஆண்டில் பேராக் குழுவின் உடையணிந்து இந்திய நாட்டு ஆட்டக்காரர் ஒருவர் ஆடினார். அவர் பெயர் பாய்ச்சுங் பூட்டியா.

அவர் சிக்கிம் மாநிலத்தில் திங்கித்தாம் என்னும் மலைச் சிற்றூரில் 1976 டிசம்பர் 15ஆம் நாள் பிறந்தவர். பெற்றோர் உழவர். மகன் பந்தின் பின்னே ஓடுவதை அவர்கள் பெரிதும் விரும்பவில்லை. நம் தோட்டத்து வீடுகளிலும் இக்குரல் கேட்டதுண்டு அல்லவா? ஆயினும் ஒன்பதாம் வயதில் விளையாட்டுக்கான உபகாரச் சம்பளம் கிடைக்கவே, காங்டோக் நகரில் தாஷி நம்கியால் பள்ளியில் சேர்ந்தார். 1992இல் பள்ளிகளுக்கான சுப்ரதோ கிண்ணப் போட்டியில் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றார். மறு ஆண்டே கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயது பதினாறு.

தாக்குதல் ஆட்டக்காரரின் தொழில் கடினமானது. தற்காப்பில் நிற்பவர் பத்து முறை பந்தைத் தடுத்தால் பத்து முறையும் பாராட்டுப் பெறுவார். தாக்குதல் ஆட்டக்காரரையோ கோல் எண்ணிக்கை ஒன்றைக் கொண்டே மதிப்பிடுவர். அயல்நாட்டிலிருந்து வந்தவர் என்றால் கேட்கவே வேண்டாம். கோல் அடிப்பதற்கென்றே ஊதியம் கொடுத்து அழைக்கப்பட்டவர் ஆயிற்றே!

1999இல் பூட்டியா இங்கிலாந்து சென்றார். சில பெரிய கழகங்களில் தேர்வாட்டம் ஆடியும் இடம் கிடைக்கவில்லை. இறுதியில் மான்செஸ்டர் நகருக்கு அருகிலுள்ள பெரி என்னும் ஊரின் கழகம் மூன்றாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஐரோப்பியக் கழகம் ஒன்றுடன் இவ்வாறு ஒப்பந்தம் செய்த முதல் இந்தியர் அவரே. அவருக்கு முன்னர், 1936இல், கல்கத்தாவைச் சேர்ந்த முகமது சலீம் ஸ்காட்லாந்தின் செல்டிக் கழகத்துக்காகக் காலணி இன்றி, பாதங்களில் துணி சுற்றி ஆடியிருந்தார்.

பெரி கழகம் அப்போது மூன்றாம் நிலைப் பிரிவில் இருந்தது. பூட்டியா அங்கு அக்டோபர் 3ஆம் நாள் முதன்முறையாகத் திடலில் இறங்கினார். முதல் கோலை அடித்ததோ 2000 ஏப்ரல் 15ஆம் நாள், செஸ்டர்ஃபீல்டு குழுவுக்கு எதிராக! இடையில் கழிந்தவை ஆறு மாதங்களுக்கு மேல். குளிரும் ஈரமும் மிக்க அயலூரில், இன்று அடிப்போமா, நாளை அடிப்போமா என்று காத்திருந்த அந்நாள்களை எண்ணிப் பாருங்கள். பின்னர் முழங்கால் காயமும் சேர்ந்துகொண்டது. மூன்று பருவங்களில் அவர் அங்கு அடித்த லீக் கோல்கள் மூன்றே. இதை மறைத்து அவரைப் புகழ்வது நேர்மையாகாது என்பதால் எழுதுகிறேன். 2002இல் தாயகம் திரும்பி மோகன் பகான் கழகத்தில் சேர்ந்தார்.

பேராக்கிற்கு அவர் வந்தது அதன் பின்னரே. அப்போது செலாடாங் என்று நாம் அழைக்கும் நம் மாநிலக் குழு நாட்டின் தலைசிறந்த குழுவாக விளங்கியது. 2002, 2003 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லீக் வெற்றியாளர் நாமே. பூட்டியா இங்கு நெடுநாள் தங்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில் ஈஸ்ட் பெங்கால் குழுவுடன் ஜகார்த்தா சென்று, ஆசியான் கழகக் கிண்ணப் போட்டியில் ஒன்பது கோல்கள் அடித்து, மற்ற எவரையும் விட மிகுதியாக அடித்தவர் என்ற பெயரைப் பெற்றார். இறுதியாட்டத்தில் தாய்லாந்தின் பெக் தேரோ குழு 3-1 என்று தோற்றது. பெரியில் மூன்றாண்டுகளில் மூன்று கோல்கள். இங்கோ ஒரே போட்டித் தொடரில் ஒன்பது!

பெற்றோர்க்கும் ஒரு செய்தி உண்டு. ஆட்டக்காரரும் கூலிக்கு உழைப்பவரே. ஊதியம் தவறலாம், காயம் பட்டால் வேலை போகலாம், ஒப்பந்தத்தின் சிறு எழுத்துகள் புரியாமலும் போகலாம். நம் தோட்டத் தொழிலாளர்க்குத் தேசியச் சங்கம் 1954இல் தோன்றியது. இந்தியக் காற்பந்து ஆட்டக்காரர்க்கு அவ்வாறான சங்கம் 2006இல்தான் அமைந்தது. அதை முன்னின்று தொடங்கியவர் பூட்டியா.