சிறு நிலமும் முதிர்ந்த கலைமானும்

மான் என்றதும் நம் நாட்டவர் நினைவுக்கு வருவது காட்டோரங்களில் அரிதாகத் தென்படும் ரூசா மானேயாகும். ஈண்டு நாம் கற்கவிருப்பதோ அமெரிக்காவின் வெண்வால் மானைப் பற்றியது. டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின், ஹூஸ்டன் ஆகிய நகர்களுக்கு இடைப்பட்ட பகுதியில் ஐம்பது, நூறு ஏக்கர் மட்டுமே உடைய நிலவுரிமையாளர் பலர் உள்ளனர். தம் நிலத்தில் முதிர்ந்த கலைமான் உலவ வேண்டுமென விரும்புவோர் யாது செய்தல் வேண்டும்? இவ்வினாவுக்கு விடை கூறப் புகுந்தால், மானைக் காட்டிலும் பக்கத்து நிலத்தாரைப் பற்றியே மிகுதியாகப் பேச வேண்டியிருக்கின்றது.

ஆசிரியப் பணியின் பழக்கத்தால் முதலில் ஒரு கணக்கு. நூறு ஏக்கர் சதுர நிலத்தின் ஒரு பக்கம் ஏறத்தாழ 636 மீட்டர். அதன் நடுவில் நிற்கும் மான் ஒரு பக்கத்தை நோக்கி நேரே நடந்தால் 318 மீட்டரில் எல்லையைக் கடந்துவிடும். வளர்ந்த கலைமானின் உலாவிடமோ பல இடங்களில் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர், அல்லது அதனினும் மிகுதி. இணை தேடும் பருவத்தில் அது இன்னும் தொலைவு செல்லும். இளங்கலைகளுள் பெரும்பாலானவை ஓராண்டு வயதையொட்டிப் பிறந்த இடத்தை விட்டே நீங்கிவிடுகின்றன. ஆகவே, ஒருவர் மூன்றாண்டுகள் சுடாமல் காத்த கலைமானை அடுத்த நிலத்தார் ஒரே காலையில் சுட்டு வீழ்த்தலாம். உரிமம் பெற்று, வேட்டைப் பருவத்தில், தம் நிலத்தில் நின்று சுட்டாராயின் அது குற்றமன்று. அந்நாட்டுச் சட்டப்படி காட்டுமான் நிலவுரிமையாளரின் உடைமையன்று. அது மாநில மக்களுக்குப் பொதுவானது. எட்டடி உயர வேலி அமைத்து மானை உள்ளடக்குவோரும் உண்டு. அவ்வேலிக்குள் நிற்பினும் அது பொதுச் சொத்தே. வேலியின் செலவும் சிறு நிலத்தாருக்குக் கட்டுப்படியாகாது.

கலைமானின் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் வளர்வது. அது முழு அளவை எய்துவது பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வயதிற்குள்ளாகும். எனினும் கொம்பை மட்டும் கண்டு வயதை உறுதி செய்தல் தவறு. உடலை நோக்குதல் வேண்டும். ஒன்றரை வயதுடையது நீண்ட கால்களும் மெல்லிய கழுத்துமாய், கொம்பு முளைத்த பிணைமான் போலவே தோன்றும். ஐந்து வயதுடையதன் மார்பு ஆழ்ந்து, வயிறு தாழ்ந்து, கால்கள் குட்டையானவை போல் காட்சி தரும். இறந்த மானின் வயதைத் தாடையில் காணலாம். கீழ்த்தாடையின் மூன்றாம் முன்கடைவாய்ப் பல் இளமையில் மூன்று முகடு உடையது. ஏறத்தாழ ஒன்றரை வயதில் அது விழுந்து இருமுகட்டுப் பல் முளைக்கும். அதன்பின் தேய்மானத்தைக் கொண்டே வயது கணிக்கப்படும்.

இத்தாடை எலும்பே அயலாரை ஒன்றுசேர்க்கும் கருவியாகவும் பயன்படுகின்றது. டெக்சாசில் சிறு நிலத்தார் பலர் கூடி வனவிலங்குப் பராமரிப்புச் சங்கங்களை அமைத்துள்ளனர். பருவத்தில் வீழ்ந்த மான்களின் தாடைகளைச் சேர்த்து வைத்துப் பின்னர் ஒரே மேசையில் பரப்பினால், சுடப்பட்டவற்றுள் எத்தனை ஒன்றரை வயதுக் கன்றுகள் என்பதை எவரும் எவரையும் குறை கூறாமலே அறிந்துகொள்வர். அறிவுரை சொல்லச் செல்பவருக்குக் கதவு அடைபடும். தாடையோடு செல்பவருக்கு நாற்காலி கிடைக்கும் என்பது என் எண்ணம்.

அயலாரிடம் செல்லும் காலம் முக்கியம். வேட்டைப் பருவம் தொடங்கிய பின் செல்வது சண்டைக்குச் செல்வதாகும். கோடையிலேயே சென்று, அவர் விரும்புவது யாது எனக் கேட்டல் நன்று. இறைச்சியே அவர் நாட்டமாயின், இளங்கலைக்கு மாறாக, விதிகள் இடந்தரும் அளவில் பிணைமானைச் சுடும்படி வேண்டலாம். பிணைகள் அளவுக்கு மிஞ்சினால் தழையுணவு குன்றும். ஆதலால் இதில் இருவருக்கும் பயனுண்டு. வேட்டைப் பரணை எல்லையோரத்தில் அயலார் நிலத்தை நோக்கி அமைத்தல் ஆகாது. காயமுற்ற மான் எல்லை தாண்டினால் அனுமதியின்றிப் பின்தொடரச் சட்டம் இடந்தருவதில்லை. இதற்கான உடன்பாட்டை முன்னரே செய்துகொள்ளல் வேண்டும். 1997 முதல் அம்மாநிலத்தில் மரத்திலோ கம்பத்திலோ இட்ட ஊதா வண்ணக் கோடே 'உட்புகாதே' என்னும் அறிவிப்புக்கு ஈடாகும். கோடு எட்டங்குல நீளமேனும் ஓரங்குல அகலமேனும் இருத்தல் வேண்டும்.

உடன்படாதாரும் இருப்பர். 2002இல் ஃபயெட், லவாக்கா, லீ, கொலராடோ, ஆஸ்டின், வாஷிங்டன் ஆகிய ஆறு மாவட்டங்களில் மாநில அரசு ஒரு விதியைக் கொணர்ந்தது. கொம்புகளின் உள்ளிடைவெளி 13 அங்குலமேனும் இருத்தல் வேண்டும். அன்றேல் ஒரு கொம்பேனும் கிளையற்றதாய் இருத்தல் வேண்டும். ஏனைய கலைகளைச் சுடலாகாது. விழிப்புற்று நிற்கும் கலைமானின் இரு காது நுனிகளுக்கு இடைப்பட்ட தொலைவும் ஏறத்தாழ 13 அங்குலமே. ஆதலால் அளவுகோலின்றியே மதிப்பிடலாம். இவ்விதி பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்குப் பரவியது. 'நான் விட்டதை அவன் சுட்டான்' என்னும் மனத்தாங்கல் இதனால் ஓரளவு தணிந்திருக்கும் எனக் கருதலாம்.

முதிர்ந்த கலைகளைக் காப்பதில் ஓர் இடரும் உண்டு. மானின் மூளையைத் தாக்கி உடலை உருக்கும் கொடிய நோய் ஒன்று டெக்சாசில் 2012இல் கண்டறியப்பட்டது. அந்நோய் முதிர்ந்த கலைகளிடையே மிகுதியாகக் காணப்படுகின்றது. மக்காச்சோளத்தை ஒரே இடத்தில் கொட்டி மான்களைக் கூட்டுவது நோய் பரவ வழிசெய்யும். இங்கும் ஒருவர் நிறுத்தி மற்றவர் கொட்டினால் பயனில்லை.

தம் நிலத்துள் தனியே செய்யத்தக்கது ஒன்றுண்டு. நடுப்பகுதிப் புதர்க்காட்டில் எவரும் நுழையாது விட்டுவிடலாம். ஓரத்தில் மட்டும், காற்று தம்மிடமிருந்து புதரை நோக்கி வீசாத நாளில் வேட்டையாடலாம். அயலாரின் துப்பாக்கி ஒலிக்கும் நாளில் கலைமான் அடைக்கலம் தேடும் இடம் அதுவாகவே இருக்கும்.