அண்டாவும் அழுத்தமும்

நம் ஊருக்குப் பௌர்ணமி என்பது நாட்காட்டியில் வந்துபோகும் ஒரு நாள் மட்டும் அன்று. அன்று மாலை தொடங்கி மறுநாள் விடியும் வரை 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதை மக்களால் நிரம்பி வழியும். எங்கெங்கிருந்தோ வரும் அன்பர்கள் வெறுங்காலோடு நடப்பார்கள். அவர்களுக்குப் பாலும், சுக்குக் காபியும், பொங்கலும் காய்ச்சிக் கொடுப்பதை ஊர்க்காரர்கள் பலர் தம் கடமையாகவே கொண்டிருக்கிறார்கள். எங்கள் தெருவிலும் பத்துப் பேர் சேர்ந்து மாதந்தோறும் சுக்குக் காபி கொடுத்து வருகிறோம். பல ஆண்டுகள் விறகடுப்பில் காய்ச்சினோம். பிறகு புகைக்கு அஞ்சி எரிவாயுவுக்கு மாறினோம். அப்படி மாறிய முதல் மாதத்தில் நாங்கள் கற்றுக்கொண்ட பாடத்தையே இங்கே எழுதுகிறேன்.

அன்று வீட்டுச் சமையலறையில் இருந்த இரட்டை அடுப்பையும் சிலிண்டரையும் வெளியே தூக்கிவந்து, 40 லிட்டர் தண்ணீரோடு அண்டாவை ஏற்றினோம். இரண்டு மணி நேரம் ஆயிற்று. தண்ணீர் கொதிப்பதாகக் காணோம். பொறுமை இழந்த நண்பர் ஒருவர் எங்கிருந்தோ ஓர் உயர் அழுத்த ரெகுலேட்டரைக் கொண்டுவந்து, அதே டியூபையும் அதே அடுப்பையும் அதில் இணைத்துவிட்டார். பற்றவைத்ததும் தீ சீறிக்கொண்டு எழும்பியது. மறுகணம் டியூப் அடுப்பிலிருந்து கழன்று, அதன் வாயிலேயே நெருப்புப் பிடித்தது. எதிர்வீட்டு அம்மாள் ஒருவர் ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு ஓடிவந்து ரெகுலேட்டரை மூடியிராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. அடுப்பருகே நின்ற இளைஞர் ஒருவருக்கு முழங்கை வரை கொப்புளம். அவர் கல்லூரி மாணவர். அந்தப் பருவத் தேர்வைக் கட்டுப்போட்ட கையோடுதான் எழுதினார்.

நல்ல காரியம் செய்யப் போன இடத்தில் இப்படி நேர்ந்தது ஏன்? அடுப்பில் குறையில்லை, ரெகுலேட்டரிலும் குறையில்லை. ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டைச் சேர்த்ததுதான் குறை. பர்னரும் ரெகுலேட்டரும் தனித்தனிப் பொருள்கள் அல்ல. இரண்டும் ஒரு சோடி. இந்த ஓர் உண்மையை விளங்கிக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

ரெகுலேட்டர் செய்யும் வேலை

விறகடுப்பில் ரெகுலேட்டர் எது? சமைப்பவரின் கைதான். தீ மிகுந்தால் கட்டையை வெளியே இழுப்பார். குறைந்தால் உள்ளே தள்ளுவார். எரிவாயு அடுப்பில் அந்தக் கையின் வேலையைத்தான் ரெகுலேட்டர் செய்கிறது. கை கண்ணுக்குத் தெரிந்தது, இது தெரிவதில்லை. அதனால் இதை நாம் மறந்துவிடுகிறோம்.

சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். அதன் மேலே நிற்கும் ஆவியின் அழுத்தம் நம் ஊர்க் காலநிலையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 5 கிலோகிராம் இருக்கும். வெயில் ஏறினால் இது இன்னும் கூடும். வீட்டு அடுப்புக்கு வேண்டிய அழுத்தமோ சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம்தான். அதாவது, உள்ளே இருக்கும் அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட ரெகுலேட்டர் வெளியே விடுவதில்லை. வீட்டு ரெகுலேட்டர் இந்த 30 கிராமுக்கென்றே நிலையாக அமைக்கப்பட்டது. நாம் கூட்டவோ குறைக்கவோ முடியாது. உயர் அழுத்த ரெகுலேட்டரில் ஒரு திருகு உண்டு. அதைத் திருகி அழுத்தத்தை ஒரு கிலோகிராமுக்கும் அதற்கு மேலும்கூட ஏற்றலாம்.

பர்னரின் அடியில் ஊசித்துளை போன்ற ஜெட் ஒன்று இருக்கிறது. அதன் வழியே எவ்வளவு வாயு பாயும் என்பது துளையின் பரப்பையும், அழுத்தத்தின் வர்க்கமூலத்தையும் பொறுத்தது. 30 கிராம் அழுத்தத்துக்காகத் துளையிட்ட ஜெட்டில் 1,000 கிராம் அழுத்தத்தைக் கொடுத்தால் அழுத்தம் 33 மடங்கு கூடுகிறது. 33-இன் வர்க்கமூலம் ஐந்தே முக்கால். ஆகவே ஏறத்தாழ ஆறு மடங்கு வாயு பாயும். வீட்டு பர்னரின் துளைகள் அவ்வளவு வாயுவை நிதானமாக எரிக்க வல்லவை அல்ல. தீ பர்னரை விட்டு எழும்பி நிற்கும். தாழ்ந்த அழுத்தத்துக்கான டியூபோ இணைப்பில் நிற்காமல் கழன்றுவிடும். எங்களுக்கு நேர்ந்தது இதுவே.

இதற்கு மறுதலையும் உண்டு. உயர் அழுத்த பர்னரின் ஜெட் துளை மிகச் சிறியது. அதில் வீட்டு ரெகுலேட்டரை மாட்டினால் ஆறில் ஒரு பங்கு வாயுதான் வரும். தீ சோம்பிக் கிடக்கும். சில சமயம் 'டப்' என்ற ஓசையுடன் பின்வாங்கி ஜெட்டிலேயே எரியும். அங்கே சமையல் நடக்காது. இங்கே விபத்து நடக்கும். இரண்டும் பொருந்தாச் சோடிகளே.

அண்டாவிலிருந்து தொடங்குவோம்

கடைக்குப் போய், "பெரிய அடுப்பாகக் கொடுங்கள்" என்று கேட்பது முறையன்று. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரத்தில் என்று முதலில் கணக்கிட வேண்டும்.

40 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 40 × 70 = 2,800 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். திறந்த வெளியில் வெப்பத்தின் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். நூற்றுக்கு 40 பங்குதான் பாத்திரத்தில் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் எரிக்க வேண்டியது 7,000 கிலோ கலோரி. ஒரு கிலோகிராம் எரிவாயு தருவது சுமார் 10,900 கிலோ கலோரி. எனவே ஓர் அண்டாவைக் கொதிக்கவைக்கச் சுமார் 640 கிராம் எரிவாயு தேவை. ஒரு மணி நேரத்தில் கொதிக்க வேண்டுமானால் மணிக்கு 640 கிராம் எரிக்கும் பர்னர் வேண்டும். அரைமணியில் வேண்டுமானால் அதைப்போல் இருமடங்கு.

வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் மணிக்குச் சுமார் 160 கிராம்தான் எரிக்கும். அது நான்கு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் என்று கணக்குச் சொல்கிறது. உண்மையில் அதற்கும் மேல் ஆகும். சூடு ஏற ஏற, ஆவியாகவும் பாத்திரத்தின் பக்கங்கள் வழியாகவும் வெப்பம் மேலும் மேலும் வெளியேறும். ஒரு கட்டத்தில் வரவும் செலவும் சமமாகிவிடும். அதன்பின் விடிய விடிய எரித்தாலும் தண்ணீர் கொதிக்காது. நாங்கள் இரண்டு மணி நேரம் காத்திருந்தது வீண் என்பது இப்போது புரிகிறதல்லவா?

எந்த பர்னர்?

வெளியில் பெரிய பாத்திரம் வைக்க இரண்டு வகை பர்னர்கள் விற்கின்றன. ஒன்று, தாழ்ந்த அழுத்தத்தில் இயங்கும் பெரிய வார்ப்பிரும்பு பர்னர். இதன் ஜெட் துளை பெரியது. தீ அமைதியாக எரியும். ஆனால் வீட்டு ரெகுலேட்டர் இதற்குப் போதாது. அழுத்தம் சரியாக இருந்தாலும் அது விடும் வாயுவின் அளவு போதாமல் போகும். அழுத்தம் வேறு, அளவு வேறு என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். கூடுதல் அளவு விடக்கூடிய தாழ்ந்த அழுத்த ரெகுலேட்டரே இதற்கு ஏற்றது.

மற்றொன்று, ஓட்டல்களில் இரைந்து எரியும் உயர் அழுத்த பர்னர். வேகம் இதன் சிறப்பு. காற்றுக்கும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். இதற்கு உயர் அழுத்த ரெகுலேட்டரும், அந்த அழுத்தத்துக்கென்றே செய்த குழாயும், மரையிட்டு இறுக்கிய இணைப்பும் வேண்டும். வீட்டு ரப்பர் டியூபைச் செருகி ஒப்பேற்றக் கூடாது. பர்னரை வாங்கும் கடையிலேயே அதற்குப் பொருத்தமான ரெகுலேட்டர் எது என்று கேட்டு, இரண்டையும் சேர்த்தே வாங்குவது நல்லது.

எந்த வகையானாலும் தீ நீலமாக எரிய வேண்டும். புரொப்பேன் ஒரு பங்கு எரிய ஏறத்தாழ 24 பங்கு காற்று வேண்டும். பியூட்டேனுக்கு 31 பங்கு. தீ மஞ்சளாகி அண்டாவின் அடியில் கரி படிந்தால் காற்று போதவில்லை என்று பொருள். பர்னரின் கழுத்தில் உள்ள காற்றுத் தகட்டைத் திறந்து சரிசெய்யலாம். தாங்கியோ தாழ்வாகவும் அகலமாகவும் இருக்கட்டும். 40 லிட்டர் தண்ணீர் என்பது 40 கிலோ எடை. அண்டாவின் எடை வேறு. ஆடும் தாங்கியில் கொதிநீரை வைப்பது நெருப்பைவிடப் பெரிய ஆபத்து.

எந்தச் சிலிண்டர்?

14.2 கிலோகிராம் சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டுமே உரியது. அதை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது 2000-ஆம் ஆண்டு எரிவாயு வினியோக ஆணைக்கு மாறானது. தருமத்துக்காகச் செய்தாலும் சட்டம் சட்டமே. ஆகவே 19 கிலோகிராம் வணிகச் சிலிண்டரை வாங்குவதே முறை. நம் கணக்குப்படி ஒரு சிலிண்டரில் ஏறத்தாழ 29 அண்டாக்கள் கொதிக்கவைக்கலாம். ஒரு பௌர்ணமி இரவுக்கு அது தாராளம்.

பெரிய சிலிண்டருக்கு வேறொரு பயனும் உண்டு. திரவம் ஆவியாவதற்கு ஒவ்வொரு கிலோகிராமுக்கும் சுமார் 90 கிலோ கலோரி வெப்பம் தேவை. அதைச் சிலிண்டர் தன்னைச் சுற்றியுள்ள காற்றிலிருந்தே பெறுகிறது. சிறிய சிலிண்டரிலிருந்து வேகமாக வாயுவை இழுத்தால் அது குளிர்ந்து, மேலே நீர்த்துளி படிந்து, அழுத்தம் இறங்கிவிடும். கார்த்திகை மாதத்துக் குளிரிரவில் இது நன்றாகவே தெரியும். "வாயு தீர்ந்துவிட்டது" என்று எண்ணிச் சிலர் சிலிண்டரைக் கவிழ்ப்பார்கள். சிலர் வெந்நீர் ஊற்றுவார்கள். இரண்டும் பெருந்தவறு. கவிழ்த்தால் ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் புகும். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும்.

அக்கினியும் வாயுவும்

கிரிவலப் பாதையில் அக்கினி லிங்கமும் உண்டு, வாயு லிங்கமும் உண்டு. நம் அடுப்பிலும் அந்த இரண்டையும் ஒருசேர நினைக்க வேண்டும். காற்றைத் தடுக்க அடுப்பின் மூன்று பக்கமும் தகரம் நிறுத்தலாம். ஆனால் தகரத்துக்குள்ளே சிலிண்டர் இருக்கலாகாது. அடுப்பின் சூடு படாதபடி தள்ளியே இருக்கட்டும். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தங்கும். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். சாக்கடை ஓரத்திலும் பள்ளத்திலும் அடுப்பு வைக்காதீர்கள்.

இணைத்தவுடன் ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சியால் சோதிப்பது மடமை. உயர் அழுத்த ரெகுலேட்டரின் திருகை முழுவதும் தளர்த்திவிட்டு, நெருப்பை பர்னரருகே பிடித்தபின் மெல்லத் திருகுங்கள். நெருப்பு முதலில், வாயு பிறகு. அணைக்கும்போது சிலிண்டரை முதலில் மூடுங்கள். குழாயில் எஞ்சியது எரிந்து தீரட்டும். கசிவு நாற்றம் வந்தால் சிலிண்டரை மூடிவிட்டு, மின்விளக்குச் சுவிட்சைத் தொடாமல், கூட்டத்தை விலக்கி, 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். அடுப்பு எரியும்வரை ஒருவர் சிலிண்டர் அருகிலேயே இருக்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: எங்கே சமைக்கலாம், எங்கே கூடாது என்பதை முடிவு செய்யும் உரிமை நமக்கில்லை. தீபத் திருவிழாவின்போது அன்னதானத்துக்கு மாவட்ட நிர்வாகத்திடம் முன்அனுமதி பெற வேண்டும். இலட்சக்கணக்கானோர் நடக்கும் பாதையில் ஒரு சிலிண்டர் தீப்பிடித்தால் ஓடுவதற்கும் இடமிராது. அனுமதித்த இடத்தில் காய்ச்சி, மூடிய பாத்திரத்தில் கொண்டுவந்து வழங்குவதே கூட்டத்துக்கும் நமக்கும் நல்லது.

அடுத்த பௌர்ணமிக்கு நாங்கள் கணக்குப் போட்டு அடுப்பு வாங்கினோம். ஊரின் ஓரத்தில் ஒரு தோட்டத்தில் வைத்துக் காய்ச்சினோம். ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பே அண்டா கொதித்தது. சிலிண்டர் அருகே காவலுக்கு அமர்ந்தவர் யார் தெரியுமா? சென்ற மாதம் கையில் காயம்பட்ட அதே மாணவர்தான். "வர்க்கமூலத்தைப் புத்தகத்தில் படித்தேன் ஐயா, கையில்தான் புரிந்தது" என்றார். நம் மாணவர்களுக்கு அது புத்தகத்திலேயே புரியட்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.