இத்தாஜாய் பள்ளத்தாக்கில் புளூமனாவ்

பிரேசிலின் தென்பகுதியிலுள்ள சாந்தா கத்தரீனா மாநிலத்தில், இத்தாஜாய் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது புளூமனாவ் நகராட்சி. அந்நாட்டில் நகராட்சி என்பது நகரையும் அதனைச் சூழ்ந்த ஊர்ப்புறத்தையும் ஒருங்கே ஆளும் அமைப்பு. நம் நாட்டில் உள்ளதுபோல் ஊராட்சி என்று தனியே ஒன்று இல்லை. புளூமனாவின் பரப்பு சுமார் 519 சதுர கிலோமீட்டர். 2022ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி 3,61,000க்கு மேற்பட்டோர் இங்கு வாழ்கின்றனர்.

தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வரும் இரு கிளையாறுகள் ரியோ-டோ-சூல் என்னும் ஊரில் கூடிப் பேராறாகின்றன. கீழே வடக்குக் கிளையும் வந்து சேர்கிறது. மூன்றின் நீரும் திரண்டபின், மலைகளுக்கிடையே ஆறு வளைந்து செல்லும் இடத்தில் நகரம் இருக்கிறது. வறண்ட பருவம் என்று தனியே எதுவும் இல்லாத பகுதி இது. மேலே எங்குப் பெருமழை பெய்தாலும் அதன் கணக்கு இங்கேதான் தீர்க்கப்படுகிறது.

இத்தகைய இடத்தை ஏன் தேர்ந்தனர்? கடலிலிருந்து படகுகள் தடையின்றி ஏறிவரக்கூடிய எல்லை இதுவே. அப்பால் பாறைகளும் நீர்வீழ்ச்சியும் குறுக்கிடுகின்றன. எனவே 1850இல் ஹெர்மன் புளூமனாவ் என்னும் ஜெர்மானியர் 17 குடியேறிகளுடன் இங்கே குடியிருப்பை நிறுவினார். இரண்டே ஆண்டுகளில், 1852இல், பெருவெள்ளம் வந்தது. 1880இல் இது நகராட்சியாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அவ்வாண்டின் வெள்ளத்தால் நிர்வாகம் 1883இல்தான் அமைய முடிந்தது. நகராட்சியின் பிறப்பையே ஆறு தள்ளிப்போட்டது எனலாம். ஹெரிங் பின்னலாடைத் தொழிலும் 1880இல்தான் தொடங்கியது. ஆடைத் தொழிலே பின்னர் ஊரின் பெயரை நாடெங்கும் பரப்பிற்று.

குடியேறிகள் வந்தபோது பள்ளத்தாக்கு ஆளற்ற நிலமாக இருக்கவில்லை. ஷோக்லெங் என்னும் பழங்குடியினர் அங்கு வாழ்ந்தனர். கூலிக்கு அமர்த்தப்பட்ட வேட்டைக் கும்பல்களால் அவர்களுள் பலர் கொல்லப்பட்டனர். 1914இல் அரசின் தொடர்பை ஏற்ற பின், எஞ்சியோர் வடக்குக் கிளையாற்றின் கரையில் ஒதுக்கப்பட்ட நிலத்தில் குடியமர்த்தப்பட்டனர்.

வெள்ளத் தடுப்பின் வரலாறு இங்குதான் அவர்களைத் தொடுகிறது. நகரைக் காக்க மேற்கு, தெற்குக் கிளைகளில் 1970களில் அணைகள் எழுந்தன. அவை இருந்தும் 1983இலும் 1984இலும் ஆற்றின் நீர்மட்டம் 15 மீட்டரைத் தாண்டியது. மூன்றாவதும் மிகப் பெரியதுமான வடக்கு அணை 1992இல் முடிவுற்றது. இது பாசன அணையன்று; வெள்ளத்தை மட்டும் தேக்கிவைப்பது. அதன் கதவுகள் மூடப்படும்போது கீழேயுள்ள நகரங்களுக்கு அவகாசம் கிடைக்கிறது. ஷோக்லெங் மக்களின் வயல்களிலும் பாதைகளிலும் நீர் ஏறுகிறது. 2023 அக்டோபர் வெள்ளத்தின்போது கதவுகளை மூட அரசு முற்பட, அம்மக்கள் எதிர்த்தனர். காவல்துறையினர் துணையுடன் கதவுகள் மூடப்பட்டன.

ஆறு மட்டுமே ஆபத்தன்று. வெள்ளத்துக்கு அஞ்சியும் தாழ்நிலம் போதாமலும் வீடுகள் மலைச்சரிவுகளில் ஏறின. 2008 நவம்பரில் நீர்மட்டம் 1983ஆம் ஆண்டின் அளவை எட்டவில்லை. எனினும் நாட்கணக்கில் பெய்த மழையில் ஊறிய சரிவுகள் சரிந்தன. மாநிலத்தில் 130க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது வெள்ளமன்று, மண்சரிவு. இவ்வகை ஆபத்துக்கு அணைக்கதவுகள் எதுவும் செய்ய இயலாது; எந்தச் சரிவில் வீடு கட்டலாம், எதில் கூடாது என்னும் முடிவு நகராட்சியின் கையிலேயே உள்ளது.