செம்பனைத் தோட்டத்தில் இலத்தீன்

ஜொகூர் மாநிலத்தின் பண்டார் தெங்காரா வட்டாரத்தில் எப்பக்கம் திரும்பினாலும் செம்பனைத் தோட்டங்களைக் காணலாம். தோட்டங்களில் நடப்படும் கன்றுகளை 'டி பெருக்கல் பி' என்பார்கள். 'டி' என்பது டூரா. 'பி' என்பது பிசிஃபெரா. இவ்விரண்டையும் கலந்தால் கிடைப்பது தெனெரா. டூராவின் கொட்டைக்குத் தடித்த ஓடு உண்டு; பிசிஃபெராவுக்கு ஓடே இல்லை; தெனெராவின் ஓடு மெல்லியது. ஓடு மெலிந்தால் எண்ணெய் தரும் சதை கூடும். அதனால்தான் தோட்டங்கள் தெனெராவை நாடுகின்றன.

இம்மூன்றும் இலத்தீன் சொற்கள். டூரா என்றால் கடினமானது. பிசிஃபெரா என்றால் பட்டாணி காய்ப்பது. தெனெரா என்றால் மென்மையானது. இன்று எந்தக் குழந்தையும் தாய்மொழியாகக் கற்காத ஒரு மொழி, தோட்டப் பேச்சில் இயல்பாகப் புழங்குகிறது.

இலத்தீன், இத்தாலியின் தைபர் ஆற்றை ஒட்டிய லாத்தியம் என்னும் சிறு பகுதியில் தோன்றியது. ரோமப் பேரரசு விரிந்தபோது படைவீரர்களோடும் வணிகர்களோடும் அது பரவியது. மலாய்மொழியை எழுத உதவும் ரூமி எழுத்துகளும் ரோமிலிருந்து வந்தவையே. பெயரே அதைச் சொல்லிவிடுகிறது.

கி.பி. 476இல் மேற்கு ரோமப் பேரரசு வீழ்ந்தது. மொழி வீழவில்லை, ஆனால், இரண்டாகப் பிரிந்தது. மக்கள் பேசிய இலத்தீன் ஊருக்கு ஊர் மாறி, காலப்போக்கில் இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம், போர்த்துகீசியம், ருமேனியம் என வளர்ந்தது. ஏட்டு இலத்தீன் பெரிதும் மாறாமல் நின்றது. 813ஆம் ஆண்டில் பிரான்சின் தூர் நகரில் கூடிய ஆயர்கள், தேவாலயச் சொற்பொழிவுகளை மக்களின் பேச்சுமொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என முடிவுசெய்தனர். முன்னோரின் மொழி மக்களுக்கே புரியாமல் போயிருந்தது. நூல்கள் இல்லாததால் இலத்தீன் வீட்டை இழந்தது என்று கூற முடியாது. அதற்குப் பின்னரும் நூல்கள் பெருகிக்கொண்டேதான் இருந்தன.

வீட்டை இழந்த மொழி, கற்றோருக்குப் பொதுமொழியாயிற்று. நியூட்டன் 1687இல் தம் புகழ்பெற்ற இயற்பியல் நூலை இலத்தீனிலேயே வெளியிட்டார். ஐரோப்பியர் தமிழைக் கற்கவும் இம்மொழி வழியமைத்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம், 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் இலத்தீனில் அச்சானது. வீரமாமுனிவர் ஒரு படி மேலே சென்றார். பேச்சுத் தமிழுக்கு ஒன்று, செந்தமிழுக்கு ஒன்று என இரண்டு இலக்கணங்களை இலத்தீனில் எழுதினார். இத்தாலியில் பிறந்து, இலத்தீனில் கல்வி கற்றவர் அவர். பேச்சுமொழிக்கும் ஏட்டுமொழிக்கும் உள்ள இடைவெளி அவருக்குப் புதிதன்று. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவரும் அவரே.

உயிரினங்களுக்குப் பெயரிடும் பணியும் இலத்தீனிடம் வந்தது. லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூல், ஒவ்வொரு தாவரத்துக்கும் இரு சொற்களாலான பெயரை வழங்கியது. அம்முறைப்படி செம்பனை 1763இல் 'எலெயிஸ் கினியென்சிஸ்' எனப் பெயர் பெற்றது. இரண்டாம் சொல், மேற்கு ஆப்பிரிக்காவின் கினிப் பகுதிக்குரியது எனப் பொருள்படும். இரப்பரின் பெயரான 'ஹீவியா பிரேசிலியென்சிஸ்' என்பதிலும் மரத்தின் பிறந்தகம் தெரிகிறது. 2011 வரை, புதிய தாவரத்தை அறிவிக்கும் ஆய்வாளர் அதன் விளக்கத்தையும் இலத்தீனில் எழுத வேண்டியிருந்தது. 2012 முதல் ஆங்கிலமும் ஏற்கப்படுகிறது. பெயர் மட்டும் இன்றும் இலத்தீன் வடிவிலேயே அமைகிறது.

வத்திக்கானில் இம்மொழி இன்னும் ஒலிக்கிறது. 2013 பிப்ரவரி 11ஆம் நாள், போப்பாண்டவர் 16ஆம் பெனடிக்ட் தாம் பதவி விலகுவதைக் கர்தினால்களின் கூட்டத்தில் இலத்தீனில் அறிவித்தார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஜொவான்னா கிர்ரி என்னும் இத்தாலியச் செய்தியாளருக்கு இலத்தீன் தெரிந்திருந்தது. அவர் பணியாற்றிய அன்சா செய்தி நிறுவனம் அச்செய்தியை மற்றவர்களை முந்திக்கொண்டு உலகுக்கு வெளியிட்டது.