கால்நடை மருத்துவத்தில் ஹோமியோபதி: கறவை மாடு வளர்ப்போர் அறிய வேண்டியவை

மடிநோய் கண்ட மாட்டின் பால் குறைகிறது. கடன் தவணையோ குறைவதில்லை. ஆன்டிபயாடிக் செலுத்தினால், மருத்துவர் குறிப்பிடும் நாள்கள் வரை பாலை விற்கவும் கூடாது. எனவே, விலை குறைந்ததும் பாலில் எச்சம் விடாததுமான ஹோமியோபதியை வளர்ப்போர் பலர் நாடுகின்றனர். அதன் பயனை ஆராய்ந்து அறிவது நன்று.

ஒரு நோய்க்குறியைத் தோற்றுவிக்கும் பொருளே, மிகச் சிறிய அளவில் அதனைத் தீர்க்கும் என்பது ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹானிமன் 1796-இல் வெளியிட்ட கொள்கை. அவர் காலத்திலேயே லைப்சிக் நகரின் கால்நடை மருத்துவர் வில்ஹெல்ம் லுக்ஸ் இதனை விலங்குகளுக்கும் கையாண்டார்.

ஒரு பங்கு மருந்தை 99 பங்கு நீர்மத்தில் கலந்து குலுக்குவது ஒரு படி. '30 சி' என்னும் வீரியத்திற்கு இது 30 முறை செய்யப்படுகிறது. 12 முறையைக் கடந்தபின் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறேனும் எஞ்சுவது அரிது. எச்சம் இல்லாமைக்கும், பயன் குறித்த ஐயத்திற்கும் காரணம் இதுவே.

எனினும் 'என் மாடு குணமடைந்ததே' என்பார் உளர். இலேசான மடிநோய் சிலவேளை தானாகவே தணியும். ஆகவே, மருந்தற்ற போலி மருந்தோடு ஒப்பிட்டே பயனை அறிய இயலும். 2014-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு அவ்வகைச் சோதனைகள் 18-ஐ ஆராய்ந்து, இரண்டை மட்டுமே நம்பத்தக்கவையாகக் கண்டது. பன்றிக்குட்டிகளின் கழிச்சலைத் தடுப்பதில் ஒன்று பயன் காட்டியது; மாடுகளின் மடிநோய்க்குச் சிகிச்சையளிப்பதில் மற்றொன்று பயன் காட்டவில்லை. பிரிட்டனின் அரச கால்நடை மருத்துவர் கல்லூரியும், ஹோமியோபதிக்கு ஏற்கத்தக்க ஆதாரத் தொகுதி இல்லை என 2017-இல் அறிவித்தது.

ஆகவே வாடிக்கையாளர்கள் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நலம்:

1. மடி வீக்கம், காய்ச்சல், பாலில் திரிதல் அல்லது இரத்தம் காணப்பட்டால் அன்றே பதிவுபெற்ற கால்நடை மருத்துவரை அழைக்கவும். தாமதத்தால் ஒரு காம்பின் பால் நிலையாகவே வற்றிவிடலாம்.

2. கோமாரித் தடுப்பூசிக்கு மாற்றாக எந்தச் சொட்டு மருந்தையும் கருத வேண்டா. தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் அத்தடுப்பூசி இலவசமாகவே போடப்படுகிறது.

3. ஹோமியோபதி மருந்து கொடுத்திருப்பின் அதனை மருத்துவரிடம் மறைக்காதீர்.

4. சிகிச்சைச் சீட்டுகளையும் காதுவில்லையையும் பேணுக. மாடு இறப்பின் காப்பீட்டுத் தொகை பெறக் காதுவில்லையும் கால்நடை மருத்துவரின் சான்றும் தேவை.

மருந்தின் விலை சில ரூபாய். மாட்டின் விலையோ பல ஆயிரம். சிக்கனம் எதில் என்பதை முன்னரே தீர்மானித்தல் அறிவுடைமை.