ஆறு மாதத்திற்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எதற்காக?

"உடல் நன்றாகத்தானே இருக்கிறது, மறுபடியும் எதற்கு ஸ்கேன்?" கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்களும் அவர்தம் குடும்பத்தினரும் அடிக்கடி எழுப்பும் வினா இது. நியாயமான வினாவே. சிரோசிஸ் எனப்படும் இந்நோயின் சிக்கல்கள் பல, தொடக்கத்தில் எவ்வித வலியையும் தருவதில்லை என்பதே அதற்கான விடை.

கல்லீரலுக்குச் செல்லும் குருதியில் ஏறத்தாழ முக்கால் பங்கு, குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. கல்லீரல் தழும்பேறி இறுகும்போது இக்குருதி எளிதில் உட்புக முடிவதில்லை. சிரையில் அழுத்தம் உயர்கிறது. சிரையின் விட்டம் 13 மில்லிமீட்டரைத் தாண்டுவதும் மண்ணீரல் பெருப்பதும் அதன் அடையாளங்கள். இவற்றை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் காட்டும். டாப்ளர் முறையைச் சேர்த்துக்கொண்டால், குருதி எத்திசையில் ஓடுகிறது, சிரைக்குள் உறைகட்டி உள்ளதா என்பனவும் தெரியும். வயிற்றில் நீர் கோத்திருப்பதை மருத்துவர் தட்டிப் பார்த்து அறிய, பெரும்பாலும் ஒரு லிட்டருக்கு மேல் நீர் சேர்ந்திருக்க வேண்டும். ஸ்கேனுக்கோ 100 மில்லிலிட்டர் அளவே போதும்.

எனினும், ஆறு மாதக் கணக்கை வற்புறுத்துவதற்கு முதன்மைக் காரணம் கல்லீரல் புற்றுநோய். மதுவை நிறுத்தியவர்களும், ஹெபடைடிஸ் சி குணமானவர்களும்கூட, சிரோசிஸ் ஏற்பட்டுவிட்டிருந்தால் இப்பரிசோதனையைத் தொடர வேண்டும். கட்டி சிறிதாக இருக்கையில் கண்டால் அறுவை சிகிச்சை, வெப்பத்தால் கருக்குதல், கல்லீரல் மாற்று என முழுக் குணத்தை நோக்கிய வழிகள் உண்டு. வலி தோன்றிய பின் வருவோருக்கு அவ்வழிகளுள் பல அடைபட்டுவிடுகின்றன. அறிக்கையில் ஒரு சிறு புள்ளி குறிக்கப்பட்டிருந்தால் அஞ்சிவிட வேண்டா. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவானதை வழக்கமாகச் சில மாதங்களில் மீண்டும் பார்ப்பர். அதற்கு மேற்பட்டதற்குச் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

ஸ்கேனுக்கு எல்லையும் உண்டு. உணவுக்குழாயில் புடைத்த சிரைகளை அறிய எண்டோஸ்கோபியே வேண்டும். பருத்த உடலும் குடல் வாயுவும் படத்தை மங்கச் செய்யும். ஆகவே "நார்மல்" என்ற ஒரு சொல்லைக் கொண்டு மற்றப் பரிசோதனைகளைத் தள்ளிவிடலாகாது.

ஸ்கேனுக்கு முன் ஆறு மணி நேரம் உண்ணாதிருக்கச் சொல்வார்கள். கல்லீரல் நோயாளிகளுக்கு நெடுநேரப் பட்டினி நல்லதன்று, தசை கரையும். ஆதலால் காலை முதல் நேரத்தையே கேட்டுப் பெறுங்கள். இரவு படுக்குமுன் சிற்றுண்டி உண்ணுங்கள். ஸ்கேன் முடிந்ததும் உண்பதற்குக் கையில் இட்லியோ வாழைப்பழமோ கொண்டு வாருங்கள். இன்சுலின் போடுபவர்கள் அன்றைய அளவை முன்னரே மருத்துவரிடம் கேட்டறிக. பழைய அறிக்கைகள் அனைத்தையும் உடன் கொணர்க. ஒப்பிட்டுப் பார்க்கையில்தான் மாற்றம் புலப்படும்.

இரத்த வாந்தி, கரிய மலம், குழப்பமான பேச்சு, நீர் கோத்த வயிற்றுடன் காய்ச்சல் அல்லது வலி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் ஸ்கேன் தேதிக்குக் காத்திராமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.